மணச் செய்தியும் அதனைக் கொண்டுசெல்லும் துறைகளும்

கொழும்பு நகரின் வடபுறத்தில், களனி கங்கையை அடுத்துள்ள கிராண்ட்பாஸ் என்னும் பகுதி, தன் பழைய தொழிலைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கின்றது. போர்த்துக்கேயர் அவ்விடத்தைப் 'பாசோ கிராண்டே' என்றனர். பெரிய துறை என்பது அதன் பொருள். பாலம் அமையாத நாளில் அக்கரை செல்ல வேண்டியவர்கள் அங்கே ஓடத்துக்காகக் காத்து நின்றனர். எந்த ஓடக்காரன் நம்பத் தக்கவன், எவன் கூலியை வாங்கிக்கொண்டு நடுவழியில் தொல்லை தருபவன் என்று அறிந்து ஏறுவதே அன்றைய பயணிக்கு வேண்டிய அறிவாய் இருந்திருக்கும்.

இப்பொழுது அந்தத் துறை இல்லை. ஆயினும் கிராண்ட்பாஸ் வீதியில் பின்னர் வேறொரு வகைத் துறை இருந்தது. 1930 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 ஆம் நாள் சுப்பிரமணியம் செட்டியார் அவர்களால் தொடங்கப்பெற்ற வீரகேசரிப் பத்திரிகையின் பணிமனை அவ்வீதியிலேயே நெடுங்காலம் அமைந்திருந்தது. அதன் ஞாயிறு வெளியீட்டில் 'மணமகன் தேவை', 'மணமகள் தேவை' என்னும் தலைப்புகளின்கீழ் வரும் சிறு விளம்பரங்களை, கலியாண வயதில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் தலையங்கத்துக்கு முன்னர் படிப்பது வழக்கம். அங்கிருந்து புறப்பட்ட நாலு வரிச் செய்தி வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் பதுளையிலும் உள்ள வீடுகளை அடைந்து, எத்தனையோ குடும்பங்களை ஒன்றோடொன்று இணைத்திருக்கின்றது.

'ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தைச் செய்து வை' என்பது ஒரு பழமொழி. அது பொய் சொல்லச் சொன்னதன்று, ஆயிரம் பேரிடம் 'போய்ச் சொல்லி' என்பதே நாளடைவில் திரிந்தது என்று விளக்கம் கூறுவாரும் உளர். எது மூலபாடமாயினும் ஆகுக. மண விளம்பரத்தின் சிக்கல் முழுவதும் அந்த இரண்டு சொற்களுக்கும் இடையிலேதான் கிடக்கின்றது. ஆயிரம் பேரிடம் போய்ச் சொல்லாவிடில் தக்க வரன் கிடைப்பது அரிது. ஆயிரம் பேரிடம் போகும்போதோ பொய்யும் உடன் போகின்றது; பொய்யர்களும் உடன் வருகின்றார்கள். அப்படியானால், திருமண சேவை ஒன்றை நடத்துபவர் தம் செய்தியைக் கொண்டுசெல்ல எந்த வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? பத்திரிகையா, வானொலியா, இணையத்தில் இயங்கும் விளம்பர வலையமைப்புகளா? எதனை எவ்வாறு நிறுத்துப் பார்ப்பது?

மணத்துக்கு விளம்பரம் செய்தல் இக்காலத்தவர் கண்டுபிடித்த புதுமையன்று. 1695 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இலண்டனில் ஜோன் ஹோட்டன் என்பவர் நடத்திய வார இதழில் ஒரு விளம்பரம் வெளிவந்தது. முப்பது வயதளவிலுள்ள, நல்ல ஆதனம் படைத்த கனவான் ஒருவர், 3000 பவுண் அளவு செல்வமுடைய இளம்பெண் ஒருத்தியை மணக்க விரும்புகின்றார் என்பது அதன் கருத்து. மூன்று நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. வயதும் ஆதனமும் எதிர்பார்ப்பும் இன்றைய விளம்பரங்களிலும் அதே வரிசையில் நிற்பதைக் காணலாம். அவற்றோடு தமிழர்கள் சாதியையும் நட்சத்திரத்தையும் செவ்வாய் நின்ற இடத்தையும் சேர்த்துக்கொண்டனர். யாழ்ப்பாணத்தார் கிரகபாவத்தின் எண்ணையும், அண்மைக் காலத்தில் வெளிநாட்டு வதிவுரிமையையும் சேர்த்துக்கொண்டனர். அவ்வளவே வேற்றுமை.

பத்திரிகை வருமுன் இந்தப் பணியைச் செய்தவர் கலியாணத் தரகர். குடையும் கக்கத்தில் சாதகக் கட்டுமாக வாசலில் வந்து நிற்கும் அவருக்கு ஊரின் மூன்று தலைமுறைக் கதை மனப்பாடம். அவர் மிகைப்படுத்திப் பேசுவார் என்பது எல்லார்க்கும் தெரியும். ஆயினும் அவருக்கு இரண்டு கட்டுப்பாடுகள் இருந்தன. அவரது கூலியின் பெரும்பகுதி கலியாணம் நிறைவேறிய பின்னரே கைக்கு வரும், இது ஒன்று. பொய் வெளிப்பட்டால் அடுத்த நாளும் அதே தெருவில்தான் அவர் நடந்தாக வேண்டும், இது மற்றொன்று. செய்தி கொண்டுசெல்பவனின் ஊதியம் எதனோடு கட்டப்பட்டிருக்கின்றது, தவறு நேர்ந்தால் அவனை எங்கே காணலாம் என்னும் இரண்டு வினாக்களும் பழைய தரகரை அளக்க உதவியவை. புதிய தரகர்களை அளக்கவும் அவையே உதவுகின்றன.

பத்திரிகையின் மணப்பந்தி ஏன் வெற்றி பெற்றது என்பதை ஆராய்ந்தால் சில உண்மைகள் புலப்படும். முதலாவது, அந்தப் பந்தியைப் படிப்பவர் அதனைத் தேடி வந்து படிக்கின்றார். சவர்க்கார விளம்பரம் படிப்பவனை வழிமறித்து நிற்கின்றது. மண விளம்பரத்தையோ படிப்பவன் விரலால் வரி வரியாகத் தொட்டுத் தேடுகின்றான். இரண்டாவது, பெட்டி இலக்கம் என்னும் ஏற்பாடு. பெண்ணின் பெயரோ வீட்டு முகவரியோ அச்சில் ஏறுவதில்லை. மறுமொழிகள் பணிமனைக்கு வந்து, அங்கிருந்து உரியவர் கைக்குச் செல்கின்றன. யாரிடம் தன்னை வெளிப்படுத்துவது என்பதை விளம்பரம் கொடுத்த குடும்பமே முடிவு செய்கின்றது. மூன்றாவது, சொல்லுக்குச் சொல் கட்டணம். அது வீண் அலங்காரத்தைக் குறைக்கின்றது. நான்காவது, கதவைத் தட்டிக் கேட்கக்கூடிய ஒரு பணிமனை உண்டு.

பொறுப்பு என்பது வெறும் நல்லெண்ணமாக மட்டும் இருக்க வேண்டியதில்லை, சட்டமாகவும் இருக்கலாம். இந்தியாவின் 1961 ஆம் ஆண்டு வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தில் 1986 இல் ஒரு பிரிவு புதிதாகச் சேர்க்கப்பட்டது. மணத்துக்குக் கைம்மாறாகச் சொத்திலோ தொழிலிலோ பங்கு தருவதாக விளம்பரம் செய்தால், அதனைக் கொடுத்தவர் மட்டுமன்றி அச்சிட்டவரும் வெளியிட்டவரும் தண்டனைக்கு உரியவராவர் என்பது அதன் சாரம். செய்தியைக் கொண்டுசென்றவன் 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று கைகழுவ இயலாது என்னும் கொள்கையை அப்பிரிவு நிலைநாட்டியது.

பின்னர் வானொலி வந்தது. 1950 இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை ஆரம்பமாயிற்று. அதன் தமிழ் ஒலிபரப்பை இத்தீவினர் மட்டுமன்றித் தென்னிந்திய மக்களும் விரும்பிக் கேட்டனர். அகில இந்திய வானொலி தன் விவித பாரதி வழியாக விளம்பரங்களை ஏற்கத் தொடங்கியதே 1967 இல்தான். வானொலியின் வலிமை அதன் குரலில் உள்ளது. எழுத்தறியாதாரையும் அடுப்படியில் நிற்பாரையும் அது எட்டுகின்றது. ஆனால் ஒலித்த சொல் அந்தக் கணமே மறைந்துவிடும். கத்தரித்து எடுத்துப் பைக்குள் வைத்துக்கொள்ள முடியாது. ஆதலின் தனியொரு வரனின் விபரத்தைச் சொல்ல வானொலி ஏற்றதன்று. ஒரு சேவை நிலையத்தின் பெயரையும் அதன் நற்பெயரையும் மக்கள் மனத்தில் பதிப்பதற்கு அது மிக ஏற்றது. ஒவ்வோர் ஊடகத்துக்கும் அதற்குரிய பணி உண்டு. ஒன்றின் பணியை மற்றொன்றிடம் சுமத்துபவர் பணத்தையும் இழப்பார், பயனையும் இழப்பார்.

1983 ஆம் ஆண்டின் வன்செயலும் 2009 வரை நீடித்த போரும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களை உலகெங்கும் சிதறச் செய்தன. தாய் வெள்ளவத்தையில், மூத்த மகன் ரொறன்ரோவில், மகள் இலண்டனில், சிற்றப்பன் ஒஸ்லோவில் என்பது பல வீடுகளின் நிலை. ஊர்த் தரகரின் கால்கள் எட்டாத தூரம் அது. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையும் அங்குள்ள இளைஞரின் மேசைக்குச் செல்வதில்லை. அவர்கள் பார்ப்பது கைத்தொலைபேசியை. ஆகவே மணச் செய்தியும் அங்கே போக வேண்டியதாயிற்று. அவ்வாறு கொண்டுசெல்வதற்கு ஏற்பட்ட அமைப்பே விளம்பர வலையமைப்பு.

அது இயங்கும் முறை இதுவாகும். ஒரு புறம், செய்தித்தளம், பாடல் தளம், சமையற் குறிப்புத் தளம் எனப் பல்லாயிரம் இணையத்தளங்கள் தங்கள் பக்கத்தில் வெற்றிடத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கின்றன. மறுபுறம், விளம்பரம் செய்ய விரும்புவோர் இருக்கின்றனர். இருவருக்கும் நடுவே நிற்கும் தரகே வலையமைப்பு. ஒருவர் ஒரு பக்கத்தைத் திறந்த மாத்திரத்தில், கண் இமைப்பதற்குள், அந்த வெற்றிடத்துக்கு ஏலம் நடைபெறுகின்றது. வென்றவரின் விளம்பரம் அங்கே தோன்றுகின்றது. கூகிள் நிறுவனம் பிறர் தளங்களில் விளம்பரம் இடும் தன் ஆட்சென்ஸ் சேவையை 2003 இல் தொடங்கியது. தமிழ்மொழிப் பக்கங்களை அது ஏற்றுக்கொண்டதோ 2018 இல். கலியாணத் தரகு செய்யும் நிலையம் தன்னை அறிவிக்க இன்னொரு தரகரை நாடுகின்றது என்று சொன்னால் பிழையாகாது.

இந்தப் புதிய தரகர் கூலி கேட்கும் முறை மூன்று. விளம்பரம் ஆயிரம் முறை கண்ணில் பட்டால் இவ்வளவு என்பது முதல் முறை. அதனைத் தொட்டு உள்ளே வந்தவர் ஒருவருக்கு இவ்வளவு என்பது இரண்டாம் முறை. உள்ளே வந்து தம் பெயரைப் பதிவு செய்தவர் ஒருவருக்கு இவ்வளவு என்பது மூன்றாம் முறை. முதற் பார்வைக்கு மூன்றாவதே மிக இலாபமானதாகத் தோன்றும். பதிவு நடந்தால்தானே பணம் என்று மனம் அமைதி கொள்ளும். ஆனால் பழைய தரகரை நினைவுகூர வேண்டும். கலியாணத்துக்குக் கூலி பெற்றவர் அவர். பெண் பார்க்க ஆளை அழைத்து வந்ததற்கெல்லாம் தனித்தனியே கூலி கொடுப்பதாக இருந்தால், வழியில் போகிறவனையெல்லாம் வேட்டி கட்டி அழைத்து வந்திருப்பார் அன்றோ? பதிவுக்குக் கூலி கொடுக்கும்போது இதுவே நிகழக்கூடும். பொய்ப் பெயர்களும், வேடிக்கை பார்க்க வந்தோரும், ஒரே ஆள் பத்துப் பெயரில் செய்த பதிவுகளும் ஏட்டை நிரப்பும்.

ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். வெள்ளவத்தையில் சிறிய திருமண சேவை நிலையம் ஒன்றை நடத்துபவர் 60,000 ரூபாவை விளம்பரத்துக்கு ஒதுக்குகின்றார் என்க. ஒரு வலையமைப்பு ஆயிரம் பார்வைக்கு 300 ரூபா கேட்கின்றது. அவர் பணத்துக்கு 2 இலட்சம் பார்வைகள் கிடைக்கும். இருநூறு பேருக்கு ஒருவர் தொட்டால் 1000 பேர் உள்ளே வருவர். அவருள் 20 பேர் பதிவு செய்து, விசாரணையில் 8 பேர் மட்டுமே மெய்யானவர் என்று தெரிந்தால், ஒரு மெய்யான பதிவுக்கு ஆன செலவு 7500 ரூபா. அதே பணத்தை ஞாயிறு விளம்பரத்துக்குக் கொடுத்து, 36 மறுமொழிகள் வந்து, 24 மெய்யானவையாக இருந்தால், ஒன்றுக்கு ஆன செலவு 2500 ரூபா. இரண்டு இலட்சம் என்னும் பேரெண் கண்ணைக் கவர்ந்தது. ஆனால் கணக்கின் கடைசி வரியே உண்மையைச் சொல்லிற்று. வெளிநாட்டு வரன்களையே தேடும் நிலையத்துக்கு இக்கணக்கு நேர்மாறாகவும் அமையலாம். எனவே பிறர் சொல்லும் எண்ணை நம்பாது, சிறுதொகையை ஒவ்வொரு வழியிலும் இட்டுப் பார்த்து, தம் கணக்கைத் தாமே எழுதுதல் வேண்டும். அதற்கு ஓர் எளிய பழைய உத்தி உண்டு: ஒவ்வொரு விளம்பரத்திலும் வெவ்வேறு பெட்டி இலக்கத்தை அல்லது தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தால், எந்தத் துறையிலிருந்து எந்த ஓடம் வந்தது என்பது தானே விளங்கும்.

விளம்பரம் எத்தகைய இடத்தில் தோன்றுகின்றது என்பதும் பெரிது. முருகவேல் ஜானகிராமன் அவர்கள் 1997 இல், அமெரிக்காவில் பணியாற்றிய காலத்தில், தமிழர்களுக்கான இணையத்தளம் ஒன்றை அமைத்தார். மணமக்கள் பகுதி அதன் பல பகுதிகளுள் ஒன்றாகவே இருந்தது. வந்தவர்களிற் பெரும்பாலோர் அப்பகுதியையே நாடுவதைக் கண்டு அவர் அதனைத் தனித்தொழிலாக வளர்த்தார். பாரத் மேட்ரிமோனி அவ்வாறு உருவாயிற்று. அந்த நிறுவனம் 2017 இல் இந்தியப் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. தம் வாழ்க்கைத் துணைவியையும் அவர் அத்தளத்தின் வழியாகவே கண்டார். இதிலிருந்து பெறும் படிப்பினை யாதெனில், தம்மவர் கூடும் இடத்தில் தம்மவர் மொழியில் சொல்லப்பட்ட செய்தி, எங்கும் பரந்து தெளிக்கப்பட்ட செய்தியினும் வலியது என்பதாம்.

அதே நிறுவனத்தின் வரலாறு மற்றோர் உண்மையையும் கற்பிக்கின்றது. தேடுபொறியில் ஒருவர் ஒரு சொல்லை எழுதும்போது எந்த விளம்பரம் தோன்ற வேண்டும் என்பதும் ஏலத்திலேயே முடிவாகின்றது. தம் பெயரை எழுதித் தேடுவோர் முன்னிலையில் போட்டியாளரின் விளம்பரம் தோன்றுவதை எதிர்த்து, அந்நிறுவனம் கூகிள் மீதும் போட்டியாளர் மீதும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2010 இல் தனி நீதிபதி இடைக்காலத் தடை வழங்க மறுத்தார். பொதுவழக்கிலுள்ள சொற்களால் ஆன பெயருக்கு முழுத் தனியுரிமை கோருதல் எளிதன்று என்பது அவ்வழக்கில் தெளிவாயிற்று. புதிதாகச் சேவை தொடங்குபவர் 'தமிழ்', 'திருமணம்' என்னும் இரண்டு சொற்களை மட்டும் இணைத்துப் பெயர் சூட்டிக்கொண்டால், தம் வாசலைத் தேடி வருபவரை அயல்வாசலுக்கு அழைப்பாரும் உளர் என்பதை நினைவிற் கொள்ளல் நலம்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று உண்டு. பத்திரிகை படிப்பவரை அது திரும்பிப் பார்ப்பதில்லை. வலையமைப்போ பார்ப்பவரைத் தானும் பார்க்கின்றது. எவர், எங்கிருந்து, எந்த வயதினர், எதனைத் தொட்டார் என்னும் குறிப்புகளை அது சேர்த்துக்கொள்கின்றது. மண நாட்டம் என்பது ஒருவர் தம் உடன்பிறந்தாரிடமும் சொல்லத் தயங்கும் செய்தி. விதவை ஒருவர் மறுமணம் பற்றி எண்ணுகின்றார் என்பதோ, மணமுறிவு பெற்றவர் துணை தேடுகின்றார் என்பதோ, அவர் விரும்பாதார் காதில் விழலாகாது. நோர்வேயில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. ஒருபாலீர்ப்பு உடையோர் துணை தேடும் கிரைண்டர் என்னும் செயலி, தன்னைப் பயன்படுத்துவோரின் இருப்பிடம், வயது முதலிய தகவல்களை, முறையான இசைவின்றி விளம்பர நிறுவனங்களோடு பகிர்ந்தது எனக் கண்டு, அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2021 டிசம்பரில் 6 கோடி 50 இலட்சம் குரோனர் தண்டம் விதித்தது. அச்செயலியில் ஒருவரது பெயர் இருப்பதே அவரது அந்தரங்கத்தை வெளிப்படுத்திவிடும் என்பது அங்கே உணரப்பட்டது. இலங்கையிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கின்றது.

பெரிய நிறுவனங்களும் இத்துறையைத் தனித்த கவனத்தோடு நோக்குகின்றன. முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனம், துணைதேடும் சேவைகளின் விளம்பரத்தை முன்னனுமதி பெற்றோரிடமிருந்தே ஏற்கின்றது; 18 வயதுக்குக் குறைந்தோர்க்கு அவற்றைக் காட்ட இசைவதில்லை. இந்திய அரசு 2016 இல் மணமக்கள் இணையத்தளங்களுக்கு வழிகாட்டுக் குறிப்புகளை வெளியிட்டு, பதிவு செய்வோரின் அடையாளத்தைச் சரிபார்த்தல் வேண்டும் என்று அறிவுறுத்தியது. இத்தகைய கட்டுப்பாடுகளைத் தொல்லை என்று எண்ணுவோர் உளர். எவரையும் எதனையும் கேளாமல் ஏற்றுக்கொள்ளும் வலையமைப்பு முதலில் வசதியாகவே இருக்கும். ஆனால் அங்கே கௌரவமான சேவை நிலையத்தின் விளம்பரத்துக்கு அருகிலேயே சூதாட்ட விளம்பரமும் ஆபாசப் படமும் தோன்றும். மகளின் சாதகத்தைக் கையில் வைத்திருக்கும் தந்தை அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்தாற் போதும். நிலையத்தின் பெயரை மறுபடி உச்சரிக்க மாட்டார்.

ஆகவே, ஒரு வலையமைப்பைத் தேர்பவர் பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய வினாக்கள் ஐந்து. தம் விளம்பரம் எந்தெந்தத் தளங்களில் தோன்றும், வேண்டாத தளங்களை விலக்க இடமுண்டா? எந்த நாடு, எந்த மொழி, எந்த வயது என்று வரையறுக்க இயலுமா? கூலி எதற்குக் கொடுக்கப்படுகின்றது, பொய்ப் பதிவு என்று நிறுவினால் பணம் திரும்புமா? சேவையை நாடி வந்தோரின் விபரங்கள் யார் கையில் தங்கும், பிறருக்குக் கொடுக்கப்படுமா? முறையீடு செய்ய வேண்டுமாயின் பெயரும் முகவரியும் உடைய ஒருவர் உண்டா? இவற்றுக்கு நேரான விடை தராத வலையமைப்பு எத்துணை மலிவாயினும் அதனை விலக்குதலே தகும். நேரான விடை தருவதாயினும், முதல் மாதம் சிறுதொகையோடு நிறுத்திக்கொள்ளுதலே அறிவுடைமை.

வலையமைப்பு வந்துவிட்டமையால் பத்திரிகையும் வானொலியும் பயனற்றுப் போயின என்று கொள்ளலாகாது. பெற்றோர் பார்ப்பது பத்திரிகை. பிள்ளைகள் பார்ப்பது கைத்தொலைபேசி. இருவரும் சேர்ந்து கேட்கக்கூடியது வானொலி. கலியாணம் என்பது இன்றும் நம்மவரிடையே இந்த இரு தலைமுறையும் கூடி எடுக்கும் முடிவாகவே பெரும்பாலும் இருக்கின்றது. ஆதலின் சேவையின் பெயரை வானொலியிலும், வரன்களின் சுருக்கத்தைப் பத்திரிகையின் பெட்டி இலக்கத்திலும், கடல் கடந்தோர்க்கான அழைப்பைத் தேர்ந்த சில இணையத்தளங்களிலும் பகிர்ந்து இடுவதே நடுத்தர வசதியுள்ள நிலையத்துக்குப் பொருத்தமாகும்.

சவர்க்காரத்தின் விளம்பரம் தவறான இடத்தில் விழுந்தால், நட்டம் பணத்தோடு முடிந்துவிடும். மண விளம்பரம் தவறான கையில் விழுந்தால், ஏமாற்றுக்காரனிடம் வாழ்நாள் சேமிப்பை இழந்த குடும்பமும், ஊரார் வாயில் அகப்பட்ட ஒரு பெண்ணின் பெயரும் மிஞ்சக்கூடும். அந்த நட்டத்தை எந்த வலையமைப்பும் திருப்பித் தருவதில்லை. கலியாணத்தை ஆயிரங்காலத்துப் பயிர் என்றனர் முன்னோர். வித்தைத் தூவுமுன் நிலத்தைப் பார்ப்பது உழவனுக்கு இயல்பு. விளம்பரத்தைத் தூவுவோருக்கும் அந்தப் பார்வை வேண்டும்.